ஆப்பிரிக்க மக்களும் மரவள்ளிக் கிழங்கும்

முகவுரை

மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதனவற்றுள் உணவே தலைமையானது என்பதை எடுத்துக் கூற வேண்டுவதில்லை. ஆயினும், ஒரு நாட்டில் 'உணவு உண்டு' என்பதற்குப் பொருள் யாது என்று வினவுவோமாயின், விடை கூறுதல் அத்துணை எளிதன்று. களஞ்சியம் நிறைந்த ஊரிலே கூலியாள் பட்டினி கிடப்பதுண்டு. வயிறு நிரம்ப உண்ட குழவி சத்தின்றி வாடுவதுண்டு. இவ்வாண்டு செழிக்க உண்டவன் அடுத்த ஆண்டு மழை பொய்த்தவிடத்து ஊர்விட்டு ஊர் இரந்து திரிவதுமுண்டு. ஆதலின், 1996-ஆம் ஆண்டு ரோமாபுரியிற் கூடிய உலக உணவு மாநாட்டின் கருத்தைத் தழுவி, அறிஞர்கள் உணவுக் காப்பினை நான்கு உறுப்புக்களாகப் பகுத்துக் கூறுகின்றனர். உணவு விளைந்து கிடைத்தல் ஒன்று. அதனைப் பெறும் வாய்ப்பு மக்களுக்கு இருத்தல் இரண்டு. உண்டது உடலிற் பயன்படுதல் மூன்று. இம்மூன்றும் ஆண்டுதோறும் தவறாது நிலைத்தல் நான்கு.

இவற்றுள் முதலாவது மட்டும் போதாதென்பதைப் பொருளியல் அறிஞர் அமர்த்திய சென் 1981-இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலொன்றில் நன்கு விளக்கினார். 1973-இல் எத்தியோப்பியாவின் வொல்லோ மாகாணத்திற் பஞ்சம் தலைவிரித்தாடிய காலத்தில், அந்நாடு முழுவதையும் நோக்க, உணவு விளைவு பெரிதும் குறைந்திலது. வொல்லோ மக்களிடம் தானியம் வாங்கும் ஆற்றலே அற்றுப்போயிற்று. வாங்குவாரின்மையால், அம்மாகாணத்திலிருந்து உணவுப் பொருள் சிறிது வெளியே சென்றதும் உண்டு.

ஆப்பிரிக்கா என்பது ஒரு நாடன்று. 54 நாடுகள் அடங்கிய பெருங்கண்டம். சஹாராப் பாலையின் எல்லையில் ஆடு மேய்ப்பார் வாழ்வும், காங்கோக் காடுகளிற் கிழங்கு அகழ்வார் வாழ்வும், எத்தியோப்பிய மேட்டுநிலத்திற் சிறுதானியம் விதைப்பார் வாழ்வும் தம்முள் வேறாவன. அவை அனைத்தையும் 'பசித்த கண்டம்' என்னும் ஒரு சொல்லால் முடித்துவிடுதல் அறிவுடைமையாகாது. ஆகவே, பல நாடுகளுக்கும் பொதுவாயமைந்த பயிர் ஒன்றினை எடுத்துக்கொண்டு, அதன் வாயிலாக உணவு, உடல்நலம், சமூக முன்னேற்றம் ஆகிய மூன்றும் எவ்வாறு ஒன்றனோடொன்று பிணைந்துள்ளன என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அப்பயிர் நம் நாட்டார் மரவள்ளி என்றும், குச்சிக்கிழங்கு என்றும், கப்பைக்கிழங்கு என்றும் வழங்குவதேயாம்.

1. பயிர் வந்த வரலாறு

மரவள்ளியின் பிறப்பிடம் தென் அமெரிக்கா. 16-ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கீசியர் அதனைப் பிரேசிலிலிருந்து காங்கோ ஆற்றின் முகத்துவாரப் பகுதிக்குக் கொணர்ந்தனர். அடிமை வாணிகம் நடந்த அக்காலத்தில் மரவள்ளி மாவு கப்பற்பயணத்திற்குரிய கட்டுணவாகவும் பயன்பட்டது. ஆகவே, இன்று கோடிக்கணக்கான ஏழைகளை ஊட்டும் இப்பயிரின் வருகை, மனிதர் மனிதரை விற்ற கொடிய வரலாற்றோடு கலந்தே நிற்கின்றது.

பயிர் ஒரு நாட்டிற்குள் நுழைதல் எளிது. அதனைப் பக்குவம் செய்யும் அறிவு நுழைதல் அரிது. மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் மரவள்ளி நெடுங்காலம் பெருக்கமின்றி இருந்தது. பிரேசிலில் அடிமைகளாய் இருந்து விடுதலை பெற்றவர்கள் 19-ஆம் நூற்றாண்டில் மீண்டு வந்து, கிழங்கைத் துருவிப் பிழிந்து வறுக்கும் முறையைப் பரப்பிய பின்னரே அஃது அப்பகுதியிற் பேருணவாயிற்று. அவ்வாறு ஆக்கப்படும் 'காரி' என்னும் பொரிமாவு இன்று நைஜீரியா, கானா, பெனின் முதலிய நாடுகளில் ஏழை செல்வர் என்னும் வேற்றுமையின்றி உண்ணப்படுகின்றது. உலகில் விளையும் மரவள்ளியிற் பாதிக்கு மேற்பட்டது இப்பொழுது ஆப்பிரிக்காவிலேயே விளைகின்றது. நைஜீரியா ஒன்றே ஆண்டுதோறும் ஏறத்தாழ 6 கோடி டன் விளைவித்து முதலிடம் பெறுகின்றது; அதற்கடுத்த வரிசையில் காங்கோ ஜனநாயகக் குடியரசு நிற்கின்றது.

2. பஞ்சம் தாங்கும் பயிர்

உழவர் இப்பயிரை விரும்புதற்குக் காரணங்கள் பல. விதை வேண்டுவதில்லை, தண்டை வெட்டிக் கரணையாக நட்டாற் போதும். கிழங்கை உண்டு தண்டை நடலாமாதலின், பசித்த காலத்தில் விதையையே தின்றுவிடும் இடுக்கண் இதற்கில்லை. வளமற்ற மண்ணிலும் விளையும். மழை தவறினும் இலையுதிர்த்து உயிர்தாங்கி, மழை கண்டவுடன் மீண்டும் தழைக்கும். முற்றிய கிழங்கை உடனே அகழ வேண்டுமென்பதில்லை; ஓராண்டோ அதற்கு மேலோ நிலத்திலேயே விட்டுவைத்து, வேண்டியபோது வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளலாம். நிலமே களஞ்சியமாயின் பூட்டு எதற்கு? இதுபற்றியே குடியேற்ற அரசுகள் சில, பஞ்ச காலத்திற்கென ஒவ்வொரு குடும்பமும் மரவள்ளி நட வேண்டுமெனக் கட்டாயப்படுத்தின.

எனினும் குறைகளும் உள. நிலத்திலிருந்து எடுத்த கிழங்கு இரண்டு மூன்று நாளிற் கெட்டுவிடும். அதிலுள்ளது பெரும்பாலும் மாச்சத்தே. புரதமோ நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குக்கு மேற்படாது. வயிற்றை நிரப்பும், உடலை வளர்க்காது. இக்குறையை ஆப்பிரிக்கத் தாய்மார் தம் பட்டறிவால் ஒருவாறு ஈடுசெய்தனர். காங்கோ நாட்டில் மரவள்ளியின் இளந்தழையை உரலிலிட்டு இடித்து நெடுநேரம் வேகவைத்துப் 'போண்டு' என்னும் கீரைக்கறி ஆக்குகின்றனர். கிழங்கிற் காணாத புரதமும் உயிர்ச்சத்தும் அத்தழையில் உண்டு. மீனோ பயறோ கிடைக்கும் வீட்டில் அக்கறியும் சேருமாயின் உணவு முழுமை பெறும். கிடைக்காத வீட்டிலோ முதலிற் குழந்தைகளே வாடுவர்.

மாச்சத்தே உணவாகும் குழந்தைக்கு நேரும் தீங்கை மருத்துவ உலகிற்கு உணர்த்தியவர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் அம்மையார். அவர் ஜமைக்காவிற் பிறந்தவர். இன்று கானா எனப்படும் கோல்டு கோஸ்ட்டில் மருத்துவப் பணி புரிந்தவர். பால் மறந்து சோளக்கஞ்சியிலே வளர்ந்த குழந்தைகள் கைகால் வீங்கி, தோல் நிறம் மாறி உரிந்து, மாண்டொழிவதைக் கண்டு 1933-இல் அந்நோயை விளக்கி எழுதினார். 1935-இல் அதற்குக் 'குவாஷியோர்க்கர்' என்னும் பெயரை வழங்கினார். அஃது அக்ரா நகரைச் சூழ்ந்து வாழும் கா மக்களின் சொல். அடுத்த குழந்தை பிறந்தமையால் தாயின் மடியை இழந்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் கருத்து. மருத்துவர் காணுமுன்னரே அந்நோயின் காரணத்திற் பாதியை அத்தாய்மார் ஒரு சொல்லில் அடக்கி வைத்திருந்தமை எண்ணுந்தோறும் வியப்புத் தருவது. அச்சொல்லை மூடநம்பிக்கையெனத் தள்ளாது, செவிகொடுத்துக் கேட்டதே அம்மையாரின் பெருமை.

3. கிழங்கிலுள்ள நஞ்சு

மரவள்ளியில் இனிப்பு வகையும் கசப்பு வகையும் உண்டு. கசப்பு வகையில் லினமாரின் என்னும் பொருள் மிகுதியாயுளது. கிழங்கைத் துருவினாலும் இடித்தாலும் அப்பொருள் சிதைந்து சயனைடு என்னும் நஞ்சு வெளிப்படும். மூன்று நான்கு நாள் நீரில் ஊறவைத்தும், துருவிப் புளிக்கவைத்துப் பிழிந்தும், வெயிலில் உலர்த்தியும் அந்நஞ்சைப் போக்குதல் முன்னோர் கண்ட முறை. அங்ஙனமாயின் கசப்புக் கிழங்கை உழவர் ஏன் நடுகின்றனரெனின், குரங்கும் பன்றியும் கள்வரும் அதனை எளிதில் தீண்டார் என்பதே ஒரு காரணம்.

1981-இல் மொசாம்பிக் நாட்டின் வடபாலுள்ள நம்புலா மாகாணத்திற் பெரும் வறட்சி நேர்ந்தது. ஏனைப் பயிர்களெல்லாம் கருகின. கசப்பு மரவள்ளி மட்டும் எஞ்சியது. வறட்சியில் விளைந்த கிழங்கில் நஞ்சும் மிகுந்திருந்தது. பசியின் கொடுமையால் மக்கள் உரிய நாள்வரை காத்திராமல் உண்டனர். திடீரென ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கால் விறைத்து நடக்கமாட்டாராயினர். அவருட் பெரும்பாலார் பெண்டிரும் சிறுவருமே. இளம்பிள்ளை வாதமோ என முதலில் ஐயுற்றனர். அங்குப் பணியாற்றிய ஜூலி கிளிஃப், ஹான்ஸ் ரோஸ்லிங் முதலிய மருத்துவர்கள் ஊர்தோறும் சென்று ஆராய்ந்து, சயனைடும் புரதக்குறையும் ஒருங்கு கூடியதன் விளைவே அஃதென உணர்த்தினர். என்னை? உடலுட் புகுந்த நஞ்சை மாற்றி வெளியேற்றுதற்குக் கந்தகம் கலந்த புரதக்கூறுகள் வேண்டும். மீனும் பயறும் உண்பவனுக்கு அவை உண்டு. கிழங்கு ஒன்றையே உண்பவனுக்கு இல்லை. காங்கோவின் யாக்கா மக்கள் இந்நோயைக் 'கொன்சோ' என்பர். கட்டுண்ட கால்கள் என்பது அதன் பொருள். ஒருமுறை விறைத்த கால் மீண்டும் பழைய நிலையை எய்துவதில்லை.

வறட்சியே அன்றி வாணிகமும் இந்நோயை வளர்த்ததுண்டு. காங்கோவின் பந்துந்து பகுதியிலிருந்து தலைநகரான கின்ஷாசாவுக்கு நல்ல சாலை அமைந்தபொழுது மரவள்ளிக்குச் சந்தை பெருகிற்று. விரைந்து விற்றுப் பணம் காணும் பொருட்டு, மூன்று நாள் ஊறவேண்டிய கிழங்கைப் பலர் ஒரே நாளில் எடுத்து உலர்த்தலாயினர். சாலையை ஒட்டிய சிற்றூர்களில் 'கொன்சோ' தோன்றியது. சாலை நன்மையே, சந்தையும் நன்மையே. ஆயினும், வீட்டு உணவின் நலத்தைக் காவாத முன்னேற்றம் எளியோரின் காலையே முடக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

தீர்வும் எளியதாகவே அமைந்தது. ஆஸ்திரேலிய அறிஞர் ஹோவர்டு பிராட்பரி கண்ட முறை இது: மரவள்ளி மாவைப் பாத்திரத்திலிட்டு அதன் மட்டத்தைக் குறித்துக்கொண்டு, நீர்விட்டுக் கிளறினால் மாவு முதலில் அமிழ்ந்து பின்னர் அக்குறிவரை எழும். அம்மாவைப் பாயில் மெல்லிதாகப் பரப்பி, வெயிலில் 2 மணி நேரமோ நிழலில் 5 மணி நேரமோ விட்டால் நஞ்சு காற்றோடு கலந்து போய்விடும். அன்றே சமைக்கலாம். காங்கோவின் போப்போகாபாக்கா வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் மகளிர்க்கு இதனைக் கற்பித்து நாள்தோறும் கையாளச் செய்தபொழுது, அக்காலத்திற் புதிய நோயாளர் எவரும் தோன்றவில்லை. இதற்கு வேண்டுவன ஒரு பாத்திரமும் ஒரு பாயும் சிறிது நீரும் மட்டுமே.

4. மாவுப்பூச்சியும் குளவியும்

1973-இல் கின்ஷாசா, பிராசவில் நகரங்களின் சுற்றுப்புறத்தில் வெண்மாவு பூசியது போன்ற பூச்சி ஒன்று மரவள்ளித் தளிர்களிற் காணப்பட்டது. தென் அமெரிக்காவிலிருந்து கரணைகளோடு வந்த இம்மாவுப்பூச்சிக்கு ஆப்பிரிக்காவில் இயற்கைப் பகை எதுவுமில்லை. காற்றாலும் கரணைகளாலும் பரவி, சில ஆண்டுகளில் மேற்கே செனகல் முதல் கிழக்கே மொசாம்பிக் வரையுள்ள மரவள்ளி நாடுகளைக் கவ்விற்று. தாக்குதல் கடுமையாயிருந்த இடங்களில் நூற்றுக்கு 80 பங்கு வரை விளைவு கெட்டது. தளிர் கருகவே 'போண்டு'க் கீரையும் கிடையாதாயிற்று. ஏழை உழவர் விலைகொடுத்து மருந்து தெளிப்பது இயலாத காரியம்.

நைஜீரியாவின் இபாதான் நகரில் 1967-இல் நிறுவப்பட்ட அனைத்துலக வெப்பமண்டல வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தார், இப்பூச்சியின் தாயகத்தைக் கண்டுபிடித்து, அங்கு அதனை அடக்கி வைத்திருக்கும் உயிரினத்தைக் கொணர முற்பட்டனர். மத்திய அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவின் வடபகுதியிலும் தேடியபோது அதனை ஒத்த வேறு இனமே கிடைத்தது. 1981-இல் ஆந்தனி பெல்லோட்டி என்னும் ஆராய்ச்சியாளர் பராகுவே நாட்டில் அப்பூச்சியையே கண்டார். அங்கு அதனை அடக்கி வந்தவற்றுள் சிறந்தது ஒரு சிறு குளவி. கொசுவினும் சிறிய அக்குளவி, மாவுப்பூச்சியின் உடலுள் முட்டையிடும். வெளிவரும் புழு அப்பூச்சியை உள்ளிருந்தே தின்று வளரும்.

அக்குளவிகளை இங்கிலாந்தில் வைத்து ஆராய்ந்து, பிற உயிர்க்குத் தீங்கில்லை எனத் தெளிந்த பின்னர், 1981-ஆம் ஆண்டின் இறுதியில் நைஜீரியாவில் விடத் தொடங்கினர். சுவிட்சர்லாந்து நாட்டினரான ஹான்ஸ் ஹெரன் இப்பணியைத் தலைமை தாங்கி நடத்தினார். குளவிகளைப் பெருக்கி, வானூர்தி வழியாகவும் வயல்களில் விட்டனர். சில ஆண்டுகளில் 25-க்கு மேற்பட்ட நாடுகளில் அவை நிலைபெற்று மாவுப்பூச்சியை அடக்கின. உழவர் ஒரு காசும் கொடுக்கவில்லை. பலர் அக்குளவியைக் கண்டதுமில்லை. இப்பணிக்காக ஹெரன் 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றார்.

5. தேமல் நோய்

பூச்சி அடங்கியதேயன்றிப் போராட்டம் முடிந்திலது. வெள்ளை ஈயால் பரவும் தேமல் நோய் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கிழக்கு ஆப்பிரிக்காவில் அறியப்பட்டிருந்தது. தங்கனீக்காவின் அமானி ஆராய்ச்சி நிலையத்தில் எச். எச். ஸ்டோரி என்பார் மரவள்ளியை அதன் உறவினமான காட்டு ரப்பரோடு ஒட்டுக்கலந்து, நோய் தாங்கும் வகைகளை ஆக்க முனைந்தார். அவ்வழிவந்த செடிகளைக் கொண்டு இபாதானில் கொரியா நாட்டு அறிஞர் எஸ். கே. ஹான் 1971 முதல் உழைத்து, நோய் தாங்குவனவும் விளைவு மிகுவனவுமான வகைகளை உண்டாக்கினார்.

1980-களின் இறுதியில் உகாண்டாவில் இத்தேமல் முன்னில்லாத கடுமையோடு எழுந்தது. இரண்டு வைரஸ்கள் கலந்து பிறந்த புதியதொன்றே அக்கடுமைக்குக் காரணமென 1997-இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. உழவர் பலர் மரவள்ளியையே கைவிட்டனர். சில மாவட்டங்களிற் பசியால் மாண்டோரும் உளர். அப்பொழுது முன்னரே ஆக்கி வைத்திருந்த வகைகள் துணைநின்றன. அவற்றின் கரணைகளை ஊர்க்குழுக்களும் பள்ளிகளும் பெருக்கிப் பகிர்ந்தமையால், பயிர் மீண்டும் தழைத்தது. அமானியில் தொடங்கிய உழைப்பு இரண்டு தலைமுறை கழித்து உகாண்டாவின் உலையை ஏற்றிற்று. ஆராய்ச்சிக்குச் செலவிடும் பொருள் உடனே பயன் தரவில்லை என்று முணுமுணுப்போர் இதனை எண்ணிப் பார்ப்பாராக. எனினும், 2004 முதல் கிழங்கை உள்ளேயே அழுகச் செய்யும் மற்றொரு நோய் உகாண்டாவில் மீண்டும் பரவிற்று. ஆகவே உழைப்பு ஓய்வதற்கில்லை.

6. மகளிரும் அரசும்

கிழங்கைத் தோலுரித்தல், துருவுதல், பிழிதல், சலித்தல், வறுத்தல் ஆகிய அனைத்தும் பெரும்பாலும் மகளிர் தலைமேலனவே. கையால் துருவுவார் விரல் கிழிவதும், அடுப்புப் புகையால் கண் எரிவதும் நாள்தோறும் நிகழ்வன. நைஜீரியாவிலும் பிற மேற்கு நாடுகளிலும் எந்திரத் துருவிகள் ஊர்தோறும் வந்தபின், பல மணி நேர உழைப்பு சில நிமிடத்தில் முடிந்தது. 'காரி' விற்று வரும் பணம் பிள்ளைகளின் பள்ளிச் சம்பளமாயிற்று. ஆயினும், எந்திரம் வாங்கப் பொருளுள்ளவர் பெரும்பாலும் ஆடவராதலின், கூலி கொடுத்துத் துருவிக்கொள்ளும் நிலையிலேயே பெண்டிர் பலர் நிற்கின்றனர். ஆதலாற் கருவி வந்தால் மட்டும் போதாது. அது யாருடைய உடைமை என்பதும் கேட்கத்தக்கதே.

உடல்நலத்தை நோக்கி, கண்ணொளிக்கு வேண்டிய வைட்டமின் 'ஏ' சத்தின் மூலப்பொருள் அமைந்த மஞ்சள் மரவள்ளி வகைகள் 2011-இல் நைஜீரிய உழவர்க்கு வெளியிடப்பட்டன. அரசுகளும் வாளாவிருக்கவில்லை. 2003-இல் மபுட்டோ நகரிற் கூடிய ஆப்பிரிக்க ஒன்றியத் தலைவர்கள், தத்தம் நாட்டு வரவு செலவுத் திட்டத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கேனும் வேளாண்மைக்கு ஒதுக்குவதாக உறுதி பூண்டனர். அவ்வுறுதியைக் காத்த நாடுகள் சில, காவாதன பல. உறுதிமொழி உணவாகாது என்பதை அந்நாட்டு மக்களே தம் தலைவர்களுக்கு எடுத்துரைத்து வருகின்றனர்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில உண்மைகள் பெறப்படும். ஒரே கிழங்கு பஞ்சத்தில் உயிர் காக்கின்றது. பக்குவம் தவறின் காலை முடக்குகின்றது. துணையுணவு இல்லாத வீட்டில் குழந்தையை வாட்டுகின்றது. கருவியும் சந்தையும் நேர்மையாய் அமைந்த ஊரில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகின்றது. ஆகவே உணவு, உடல்நலம், சமூகம் என்னும் மூன்றையும் வெவ்வேறு துறைகளாகப் பிரித்து வைத்து, ஒன்றை மட்டும் வளர்ப்பது பயன் தராது. கா மொழித் தாய்மாரின் சொல்லும், கின்ஷாசாச் சாலையோரத்து மகளிரின் அவசரமும், பராகுவே நாட்டுக் குளவியும் ஒருங்கு ஆராயப்படும் இடத்திலேயே உண்மை புலப்படும்.

ஆப்பிரிக்கா பிறர் கையை எதிர்நோக்கும் கண்டம் என்று எண்ணுவோர்க்கு இறுதியாக ஒன்று கூறுவோம். 2020-இல் அதே மாவுப்பூச்சி கேரளத்திற் காணப்பட்டு, விரைவிலேயே நம் சேலம், நாமக்கல் முதலிய மாவட்டங்களின் மரவள்ளி வயல்களைத் தாக்கிற்று. ஜவ்வரிசி ஆலைகளை நம்பி வாழும் உழவர் கலங்கினர். அப்பொழுது நம் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் அக்குளவியை வேண்டிப் பெற்ற இடம், மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலுள்ள ஆராய்ச்சி நிலையமே. பெங்களூரிற் பெருக்கப்பட்ட அக்குளவிகள் 2022-இல் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூரில் விடப்பட்டன. ஆப்பிரிக்க மக்கள் பெருந்துன்பத்தினிடையே தேடிப் பேணிய அறிவு நம் உழவரின் வாயிலுக்கு வந்து சேர்ந்தது.

வேளாண்மையும் மருத்துவமும் பொருளியலும் பயிலும் நம் மாணவர்கள் அந்நாடுகளின் வரலாற்றை இரக்கத்தோடு மட்டும் படித்து அமையாது, மாணாக்கர்க்குரிய பணிவோடும் படிப்பாராக. கடன்பட்டவர் கடன் கொடுத்தாரை அறிந்திருத்தல் வேண்டுமன்றோ?